பழைய கூபேக்கு மேல்நோக்கித் திறக்கும் கதவு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கனவு காண்பதற்கு முன் போர்ட்டிகோவின் கூரையை அளந்துவிடுங்கள். கூபே என்பது இரண்டு கதவுக் கார். பழைய கூபேயின் கதவு நீளமானது. ஒன்றேகால் மீற்றர்வரை வரும். நிலத்திலிருந்து முக்கால் மீற்றர் உயரத்தில் அதன் பிணைச்சல் இருந்தால், நிமிர்ந்து நிற்கும் கதவின் முனை இரண்டு மீற்றரைத் தொடும். ஏழடி உயரத் தகரக் கொட்டிலுக்குள் அரையடி இடமும் மிஞ்சாது. காத்தான்குடியிலுள்ள நண்பர் ஒருவர் இந்தக் கணக்கைப் போடாமல் வேலையை முடித்தார். முதல்நாள் மாலை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியபோது கதவின் முனை மரத் தீராந்தியில் மோதியது. பெயின்ட் உலர்ந்து ஐந்து நாள் ஆகியிருக்கவில்லை.

நான் மட்டக்களப்புக் கல்லடியில், வீட்டு முற்றத்திலும் பிறகு ஒரு கராஜிலுமாக, எண்பதுகளில் வந்த ஜப்பானியக் கூபே ஒன்றின் இரண்டு கதவுகளையும் இப்படி மாற்றினேன். இடது கதவுக்கு ஒன்பது நாள் பிடித்தது, வலது கதவுக்கு நான்கு. அந்த ஐந்து நாள் வித்தியாசத்தில் கற்றவைதான் கீழே வருகின்றன. எந்தக் கட்டத்திலும் ஒரு கேள்வியை மனதில் வைத்திருங்கள்: இதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? பழைய கூபேயின் மட்காட், தூண், கதவுச்சட்டம் எதுவும் இனிப் புதிதாக வரப்போவதில்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு கிழமை அலைந்தாலும் உங்கள் வருடத்துக்குரிய துண்டு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

எந்தக் கதவைச் சொல்கிறோம்

மேலே போகும் கதவுகள் எல்லாவற்றையும் நம்மூரில் லம்போ கதவு என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அவை மூன்று வகை. கூரையில் பிணைச்சல் வைத்துப் பறவை இறக்கைபோல விரிவது ஒன்று. 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் இருப்பது அதுதான். அந்தக் காரின் குழாய்ச் சட்டகம் பக்கவாட்டில் மிக உயர்ந்திருந்ததால் வழக்கமான கதவு வைக்க இடமிருக்கவில்லை. வெளியேயும் மேலேயும் ஒருசேரச் சாய்ந்து போகும் வண்ணத்துப்பூச்சிக் கதவு இரண்டாவது. 1990இல் டொயோட்டா விற்கத் தொடங்கிய செரா என்ற சிறிய காரில் அதைப் பார்க்கலாம். மூன்றாவதுதான் கத்திரிக்கோல் கதவு. முன்மூலையில் ஓர் அச்சில் சுழன்று நேரே மேலே எழும்புவது. பெர்ட்டோனே நிறுவனத்துக்காக மார்ச்செல்லோ காந்தினி வரைந்த அல்ஃபா ரொமியோ கராபோ என்ற 1968ஆம் ஆண்டுக் காட்சிக் காரில் அது முதலில் வந்தது. பிறகு அவரே வரைந்த லம்போகினி கவுன்டாஷ் அதை வீதிக்குக் கொண்டுவந்தது. வெறும் அலங்காரத்துக்காக மட்டும் வைத்ததல்ல அது. கவுன்டாஷில் பின்னால் எதுவும் தெரியாது. கதவை உயர்த்தி, வாசற்படியில் அமர்ந்து, தலையை வெளியே நீட்டித்தான் பின்னுக்கு எடுப்பார்கள்.

நாம் பூட்டப்போவது இந்த மூன்றாவது வகையின் ஒன்றுவிட்ட தம்பி. வழக்கமாக வடிவமைத்த கதவை நேரே மேலே தூக்கினால் அதன் முன்விளிம்பு மட்காட்டைக் கிழித்துவிடும். ஆகவே கடைகளில் விற்கும் பிணைச்சல் தொகுதிகள், கதவை முதலில் ஒரு சாண் அளவு வெளியே தள்ளி, அதன் பிறகே மேலே எழுப்புகின்றன. இரண்டு அசைவு, இரண்டு அச்சு. இந்த இரண்டையும் தனித்தனியாகச் சரிக்கட்ட வேண்டும் என்பது விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடதாசி வேலை

ஸ்பானரைத் தொடுவதற்கு முன், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள்; பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் கடிதம் கொடுங்கள். "எல்லோரும் செய்கிறார்கள் அண்ணே, ஒன்றும் நடக்காது" என்று கராஜில் சொல்வார்கள். கல்முனை வீதியில் பொலிஸார் மறிக்கும்போது அப்படிச் சொன்னவர் பக்கத்து ஆசனத்தில் இருக்கமாட்டார். மாற்றத்தை அகற்றச் சொன்னால் அகற்றக்கூடியதாக வேலை இருக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

தூணைத் தட்டிப் பாருங்கள்

வழக்கமான கதவின் பாரத்தை மேலும் கீழுமாக இரண்டு பிணைச்சல்கள் பகிர்ந்துகொள்கின்றன. புதிய தொகுதியில் பெரும்பாலும் முழுப் பாரமும் ஒரே தகட்டில் தொங்கும். அந்தத் தகட்டைத் தாங்குவது கதவுக்கு முன்னாலுள்ள தூண். நமது ஊர் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று வருடம் முழுக்க வேலை செய்கிறது. வெளியில் பளபளவென்றிருக்கும் கார்கள் தூணின் அடியில் பிஸ்கட்போல நொறுங்குவதைப் பார்த்திருக்கிறேன். 2004 சுனாமியிலோ 2011 வெள்ளத்திலோ நின்ற காரா என்பதையும் விசாரியுங்கள். வாசற்படிக் குழாய்க்குள் ஒருமுறை புகுந்த நீர் இலேசில் வெளியேறாது.

பரிசோதனை எளிது. முன்மட்காட்டைக் கழற்றி, தூணின் வெளிப்பக்கத்தை ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே கீழிறங்குங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்டது பொத்தென்று சொல்லும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்துங்கள். அடுத்து, கதவைப் பாதி திறந்து அதன் பின்முனையைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் பிணைச்சலில் இருந்தால் கவலையில்லை, அதை எப்படியும் கழற்றப்போகிறோம். தூணின் தகடே சேர்ந்து அசைந்தால் முதலில் டிங்கர் வேலை, அதன் பிறகே கதவு. இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களுக்கு என்னிடம் இரக்கமில்லை.

கதவை நிறுங்கள்

என் ஒன்பது நாளில் நான்கு நாளைத் தின்றது இந்தப் பகுதி. கதவைத் தூக்கி நிறுத்துவது ஹட்ச்பேக் கார்களின் பின்கதவில் இருப்பதைப் போன்ற ஒரு காஸ் தண்டு. எத்தனை நியூட்டன் தண்டு என்று கடைக்காரர் கேட்பார். குத்துமதிப்பாக ஒன்றை வாங்கினால், ஒன்றில் கதவு எழும்பாது, அல்லது எழும்பியது நிற்காது.

கதவைக் கழற்றிய பின், கண்ணாடி, கண்ணாடி மோட்டார், ஸ்பீக்கர், உட்பலகை எல்லாம் உள்ளபடியே, அது காரில் நிற்கும் நிலையில் நிமிர்த்திப் பிடியுங்கள். பிணைச்சல் பக்கத்து முனையை ஒரு மரக்குற்றியில் வையுங்கள். மறுமுனையைக் குளியலறைத் தராசின் மேல், அதே உயரத்துக்கு வரும்படி வையுங்கள். ஒருவர் விழாமல் மட்டும் பிடிக்க வேண்டும். தூக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. தராசு காட்டும் எடையை, குற்றிக்கும் தராசுக்கும் இடைப்பட்ட தூரத்தால் பெருக்குங்கள். என் கதவு மொத்தம் 35 கிலோ, தராசு காட்டியது 16 கிலோ, தூரம் 1.2 மீற்றர். பெருக்கினால் 19.2. தண்டு தள்ளும் கோட்டுக்கும் சுழலும் அச்சுக்கும் இடையிலான செங்குத்துத் தூரம் என் தொகுதியில் 10 சென்ரிமீற்றர், அதாவது 0.1 மீற்றர். 19.2ஐ 0.1ஆல் வகுத்தால் 192 கிலோ. அதை 9.8ஆல் பெருக்கினால் நியூட்டனில் ஏறக்குறைய 1,900. பின்கதவுத் தண்டுகள் பெரும்பாலும் சில நூறு நியூட்டன்தான். பழைய வேனிலிருந்து கழற்றிய தண்டைப் பூட்டிப் பார்க்கலாம் என்ற யோசனை ஏன் சரிவராது என்பது இப்போது தெரிந்திருக்கும். நான் அதையும் பூட்டிப் பார்த்தேன்.

ஒரு நுணுக்கம் உண்டு. கதவு கிடையாக இருக்கும்போதுதான் அதன் பாரம் முழுதாக அச்சை இழுக்கிறது. நிமிர நிமிர அந்த இழுப்பு குறைந்து, செங்குத்தை நெருங்கும்போது இல்லாமலே போகிறது. தண்டின் தள்ளலோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே கடைசிச் சாண் தூரத்தில் கதவு எகிறிப் பாயும். தொகுதியில் நிறுத்தற்போல்ட் ஒன்று இருக்கும். முகத்தில் இறப்பர் பொருத்தியிருந்தால் நல்லது. நிறுத்தற்போல்ட் இல்லாத தொகுதியை வாங்க வேண்டாம்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். தண்டுக்குள் இருப்பது அழுத்திய நைதரசன் வாயு. 20 பாகை செல்சியஸிலிருந்து 50 பாகைக்குச் சூடேறினால் அதன் தள்ளல் பத்தில் ஒரு பங்கு கூடும். சித்திரை மாத நண்பகலில் மாமாங்கக் கோயில் வீதியில் நிறுத்திய கார் அந்தச் சூட்டை எளிதாக எட்டும். கதவை நடுப்பகலில் சரிக்கட்டினால் மழைநாள் விடியலில் சோம்பும். விடியலில் சரிக்கட்டினால் நண்பகலில் துள்ளும். இரண்டு நேரத்திலும் பார்த்து நடுவில் வையுங்கள்.

தொகுதி வாங்குதல்

உங்கள் மாடலுக்கென்றே செய்த, போல்ட் மட்டும் போட்டுப் பூட்டும் தொகுதி கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழைய கூபேக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. எல்லாக் காருக்குமான பொதுத் தொகுதிதான் கிடைக்கும். அதற்குத் தூணில் வெல்டிங் தேவைப்படும். அப்போதும் தொகுதியை நேரே தூணில் ஒட்டாதீர்கள். தூணின் உட்புறம் ஒரு தடித்த தகட்டை வெல்ட் செய்து, அதில் துளையிட்டு நட் பொருத்தி, தொகுதியைப் போல்ட்டால் பூட்டுங்கள். தூணும் பலப்படும், பிற்பாடு கழற்றவும் முடியும். போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் எண், 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். எண் எதுவும் இல்லாத போல்ட் கூரைத் தகரம் அடிக்க உதவும்.

"லேத்தில் நாங்களே செய்து தருகிறோம்" என்பவர்களும் உண்டு. கைத்திறமையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அச்சும் புஷ்ஷும் ஒரு மில்லிமீற்றர் ஆடினால், ஒன்றேகால் மீற்றர் தள்ளியிருக்கும் கதவு முனையில் அது விரலளவு ஆட்டமாகிவிடும்.

இடது கதவில் தொடங்குங்கள்

எப்போதும் ஒரு நேரத்தில் ஒரு கதவு. நமது வீதிகளில் சாரதி வலப்பக்கம் அமர்வதால் இடது கதவை முதலில் எடுங்கள். இடையில் வேலை நின்றாலும் சாரதிக் கதவு வழக்கம்போலத் திறக்கும். மற்றக் கதவு தொடப்படாமல் இருப்பது, இடைவெளி எவ்வளவு இருந்தது என்று பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடிபோலவும் உதவும்.

பற்றரியைக் கழற்றுங்கள். மூடிய கதவைச் சுற்றி எட்டு இடங்களில் இடைவெளியை அளந்து, மறைப்பு நாடாவில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டுங்கள். பிணைச்சல்களின் விளிம்பைச் சுற்றி ஊசியால் கீறி அடையாளம் வையுங்கள். திரும்பப் பூட்ட நேர்ந்தால் அந்தக் கீறல்தான் சாட்சி. அதன் பிறகு முன்பம்பர், சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறை, மட்காட் என்று ஒழுங்காகக் கழற்றி, போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போடுங்கள்.

கதவுக்குப் போகும் வயர்க் கட்டு அடுத்தது. பழைய கதவு ஒரே பக்கமாகத்தான் மடியும். புதியது வெளியே மடிந்து, பிறகு திரும்பி எழும்பும். வயர் நீளம் போதாது. ஏறக்குறைய ஒரு முழம் கூட்ட வேண்டும். ஒரே தடிப்புள்ள வயரைப் பயன்படுத்தி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள். எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காமல் படிப்படியாகத் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் அந்த இடம் முடிச்சாகி மடிய மறுக்கும். எனக்கு முதல் தடவை வேலை செய்தவர் வயர்களை முறுக்கி நாடா சுற்றி விட்டிருந்தார். மூன்றாம் மாதம், களுவாஞ்சிகுடியில் மழைக்குள், கண்ணாடி பாதியில் நின்றது. வீடு வரும்வரை இடது ஆசனத்தில் இருந்த மாமா குடை பிடித்தபடி வந்தார்.

தண்டு இல்லாமல் பூட்டுங்கள்

கதவைக் கழற்றும்போது இருவர் தேவை. கீழே ஜக்கும் அதன்மேல் மடித்த சாக்கும். புதிய தொகுதியைப் பூட்டியதும் எல்லோருக்கும் வரும் ஆசை, தண்டையும் மாட்டிக் கதவை உயர்த்திப் பார்ப்பது. அங்கேதான் நான் தவறினேன். 1,900 நியூட்டன் தண்டு உங்கள் சம்மதத்தைக் கேட்காது. கதவின் முன்விளிம்பு மட்காட்டின் பின்விளிம்பை மெதுவாக, வெகு அமைதியாக, ஒரு வாழையிலையை மடிப்பதுபோல மடித்தது. நாங்கள் மூவர் பக்கத்தில் நின்றோம்.

தண்டு இல்லாமலே கதவைக் கையால் நடத்துங்கள். முதலில் மூடிய நிலை: நாடாவில் எழுதிய எட்டு அளவும் திரும்ப வரவேண்டும், கொளுவி இரண்டு சொடுக்கும் விழப் பூட்ட வேண்டும். அது வந்த பிறகே வெளியே திறக்கும் அசைவு. அது சரிவந்த பிறகே மேலெழும் அசைவு. மட்காட்டின் உட்புறம், கதவின் முன்விளிம்பு போகும் பாதையில், பிள்ளைகள் விளையாடும் களியை உருண்டைகளாக ஒட்டுங்கள். கதவைப் பிடித்து மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். பிறகு களியைக் கத்தியால் வெட்டி, மிஞ்சிய தடிப்பை அளந்து பாருங்கள். எட்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த இடத்தில்தான் உட்தகட்டைத் தட்டவோ வெட்டவோ வேண்டும். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வருபவரை இந்தக் களியால் ஓரளவு அடக்கலாம். என் காரில் கடைசியாக வெட்ட வேண்டியிருந்தது ஒரு தீப்பெட்டி அளவு.

முன்சக்கரத்தையும் மறக்க வேண்டாம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பொனட்டில் இருவரை ஏற்றி அழுத்தி, டயர் புதிய தொகுதியில் உரசுகிறதா என்று பாருங்கள்.

வெல்டிங் செய்யும் நாளில் பற்றரி கழன்றிருக்க வேண்டும். உள்ளே கம்பளமும் ஆசனமும் வெளியே எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். காஸ் தண்டு அந்த முற்றத்திலேயே இருக்கக் கூடாது. ஒரு பொறி தெறித்து அதன் பளபளப்பான கம்பியில் ஒட்டினால் சீல் போய்விடும். தண்டைச் சூடாக்குவது, துளைப்பது, வெட்டுவது எதுவும் உயிருடன் விளையாடுவது. வெல்ட் செய்த இடத்துக்குத் துத்தநாகப் பூச்சு, அதன் பிறகு தூணின் உட்குழிக்குள் மெழுகு விசிறல். நம் காற்றில் இதைத் தவிர்த்தால் இரண்டு மாரிக்குள் துரு வெளியே எட்டிப் பார்க்கும்.

எல்லாம் சரிவந்த பிறகு, ஒருவர் கதவை மேலே பிடித்துக்கொண்டிருக்க, தண்டை மாட்டுங்கள். கதவு மூடியிருக்கும்போது கம்பி கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால், உள்ளிருக்கும் எண்ணெய் சீலை ஈரமாக வைத்திருக்கும்.

மழையும் காற்றும்

இறப்பர் சீல் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுற்றிவர எல்லா இடத்திலும் ஒரே பிடிமானம் இருக்க வேண்டும். சுலபமாக வந்துவிடும் இடத்தில் ஐப்பசியில் தண்ணீர் வரும். பிறகு ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் ஊற்றிப் பாருங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் கடற்கரையில் கதவை உயர்த்தி வைத்துப் படம் எடுக்க ஆசைப்படாதீர்கள். நிமிர்ந்த கதவு ஒரு பாய். தோணிக்காரர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். கார் தலைகீழாகப் புரண்டால் மேல்நோக்கித் திறக்கும் கதவுக்குத் திறக்க வழியில்லை. 2010இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் காரின் இறக்கைக் கதவுகளில், புரண்டதும் பிணைச்சலை வெடித்து விடுவிக்கும் ஏற்பாட்டை இதற்காகவே வைத்தார்கள். நமக்கு அது இல்லை. கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் ஆசனப்பட்டி வெட்டும் கத்தியும் சேர்ந்த கருவி ஒன்றை, இரு ஆசனங்களுக்கும் நடுவில் கைக்கெட்டும் இடத்தில் திருகிப் பூட்டுங்கள். டாஷ்போர்ட் அறைக்குள் போட்டு வைத்தால் அந்த நேரத்தில் அது எங்கிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு நன்மையையும் சொல்லிவிடுகிறேன். நீளக் கதவுக் கூபேயை ஒடுக்கமான ஒழுங்கையில் நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் தவித்தவர்களுக்கு, ஒரு சாண் மட்டும் வெளியே வந்து மேலே போகும் கதவு உண்மையிலேயே வசதி. என் மாமா ஒப்புக்கொண்ட ஒரே விடயம் இதுதான்.

போல்ட்டுகளை இறுக்கியதும் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். ஒரு மாதம் ஓடிய பின் பார்த்தால், கோடு முறிந்திருக்கும் போல்ட் இளகியிருக்கிறது என்று அர்த்தம். முதல் மாதம் இரண்டு இளகியிருந்தன, பிறகு இல்லை. பழைய பிணைச்சல்கள் நான்கையும் கிரீஸ் பூசி, எண்ணெய்த் தாளில் சுற்றி, இடது மேல், இடது கீழ், வலது மேல், வலது கீழ் என்று எழுதி, பிஸ்கட் தகரம் ஒன்றுக்குள் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன்.